காட்டை எடுத்துவிட்டு வேறிடத்தில் மரம் நட்டால் உமிழ்வுக் கணக்கு நேராகுமா?

கேள்வி: கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்தும் ஆசிரியர். காடழிப்புக்கும் பசுமை இல்ல வாயுக்களின் உமிழ்வுக்கும் உள்ள தொடர்பை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சுரங்கத்துக்கும் சாலைக்கும் துறைமுகத்துக்கும் காட்டு நிலம் கொடுக்கப்படுவதாகச் செய்தித்தாளில் வருகிறது, ஆனால் நாட்டின் காட்டுப் பரப்பு கூடியிருப்பதாக அரசு அறிக்கை சொல்கிறது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்பதால் அவசரமாக ஏதாவது சொல்லி உட்கார வைக்க மனம் வரவில்லை.

2024 டிசம்பரில் வெளியான இந்திய வனநிலை அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கிலோமீட்டர், அதாவது நாட்டின் நிலப்பரப்பில் 21.76 சதவீதம் என்றும், காட்டுக்கு வெளியே உள்ள மரங்களையும் சேர்த்தால் 25.17 சதவீதம் என்றும் இருக்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை ஈர்த்துவைக்கும் அளவுக்கு மரப்பரப்பை உருவாக்குவோம் என்று இந்தியா உலக நாடுகளுக்குக் கொடுத்த வாக்குறுதியில், 2005ஐ ஒப்பிட 229 கோடி டன் ஏற்கெனவே எட்டப்பட்டுவிட்டதாகவும் அதே அறிக்கை கூறுகிறது.

இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்? ஒரு திட்டத்துக்காகக் காட்டை எடுத்துவிட்டு அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் மரம் நட்டால், பருவநிலைக் கணக்கில் அது உண்மையிலேயே சமமாகிறதா? இத்துறையில் பழக்கம் உள்ளவர்கள் விளக்கினால் மாணவர்களிடம் தெளிவாகச் சொல்ல முடியும்.

மறுமொழி: வானளப்பான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலப்பயன்பாட்டை வரைவது என் தொழில் என்பதால் முதல் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

வனநிலை அறிக்கையில் 'காட்டுப் பரப்பு' என்பதற்கு உள்ள வரையறைதான் உங்கள் மாணவியின் கேள்விக்கு விடை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், மேலிருந்து பார்க்கும்போது மரங்களின் கிளையும் இலையும் 10 சதவீத நிலத்தையாவது மூடியிருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, அது சட்டப்படி காடா, அங்கே நிற்பது என்ன மரம் என்பவை கணக்கில் வருவதில்லை. ஆகவே களக்காட்டு மலையின் மழைக்காடும் கணக்கில் வருகிறது, தென்னந்தோப்பும் வருகிறது, காகித ஆலைக்காக வளர்க்கப்படும் தைலமரத் தோட்டமும் வருகிறது, ராமநாதபுரத்தில் கண்மாய்க்குள் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலமும் போதிய பரப்பில் இருந்தால் வந்துவிடுகிறது. இந்திய வன அளவை நிறுவனம் இந்த வரையறையை மறைத்து வைக்கவில்லை; அறிக்கையிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் தலைப்புச் செய்தியாக வரும்போது வரையறை உதிர்ந்துபோய் எண் மட்டும் மிஞ்சுகிறது.

ஆகவே ஒரு மாநிலத்தில் நூற்றாண்டுகள் வயதான காடு சில சதுர கிலோமீட்டர் போய், இன்னொரு மாநிலத்தில் அதைவிடச் சற்று அதிகப் பரப்பில் ரப்பரும் சவுக்கும் வளர்ந்திருந்தால், அறிக்கையில் 'உயர்வு' என்றுதான் வரும். கடந்த அறிக்கைக் காலத்தில் கூடியதாகச் சொல்லப்படும் 1,445 சதுர கிலோமீட்டரைப் பிரித்துப் பாருங்கள். அதில் காட்டுப் பரப்பு 156 சதுர கிலோமீட்டர்தான். மீதி 1,289 சதுர கிலோமீட்டர், வயல் வரப்பிலும் தோப்பிலும் சாலையோரத்திலும் நிற்கும் மரங்களின் பரப்பு. வேளாண் நிலத்தில் மரம் கூடுவது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் அது, எடுக்கப்பட்ட காடு திரும்பி வந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

இரண்டாவது கேள்வி கார்பனைப் பற்றியது. அதே அறிக்கையின்படி இந்தியக் காடுகளில் தங்கியிருக்கும் கார்பன் 728.55 கோடி டன். இதைப் பரப்பால் வகுத்தால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 டன் வருகிறது. இதில் பாதிக்கும் மேல் மண்ணில் இருக்கிறது. ஒரு டன் கார்பன் எரிந்தோ மக்கியோ காற்றில் கலந்தால் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். எனவே ஒரு ஹெக்டேர் சராசரிக் காடு ஏறத்தாழ 367 டன் வாயுவைப் பூட்டி வைத்திருக்கிறது.

கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் ஆகியவற்றுக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2022இல் கொள்கை அளவிலான ஒப்புதல் தரப்பட்டது. அதில் ஏறத்தாழ பாதியில் மரம் வெட்டப்படாது, பசுமைப் பகுதியாகவே இருக்கும் என்று அரசு சொல்கிறது. அதையும் கருத்தில் கொள்வோம். அந்த முழு நிலத்திலும் நாட்டின் சராசரி அளவு கார்பன்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலே ஏறத்தாழ 48 லட்சம் டன் வாயுவுக்கு இணையான கார்பன் வருகிறது. வெப்பமண்டல மழைக்காட்டில் சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். பாதி நிலம் அப்படியே தப்பினாலும் மறுபாதியில் இருபது லட்சம் டன்னுக்கு மேல். மரம் விழுந்ததும் அது முழுவதும் அன்றே காற்றுக்குப் போய்விடாது என்றாலும், மரத்தில் இருப்பதில் கணிசமான பகுதி சில ஆண்டுகளுக்குள் போய்விடும். ஈடாக மரம் நடப்படப்போவது ஹரியானாவில். மழை குறைந்த அந்த நிலத்தில் இன்று ஊன்றப்படும் கன்று அதே அளவு கார்பனைச் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகும், அதுவும் பிழைத்தால்தான். வெளியேறும் வாயு இன்றைக்கு வெளியேறுகிறது, திரும்ப ஈர்க்கப்படுவது நம் பேரப்பிள்ளைகள் காலத்தில். புவி வெப்பம் வரம்பைத் தாண்டாமல் இருக்க வேண்டிய காலமோ இந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. ஷோம்பென் பழங்குடியினரின் வாழ்விடத்தையும், கலத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் பேராமைகளையும் எந்த ஹெக்டேர் கணக்கில் எழுதுவது என்பதை நான் தொடவே இல்லை.

மறுமொழி: கோத்தகிரியார்

வானளப்பான் அவர்கள் மரம் எடுக்கப்படும் இடத்தைப் பற்றிச் சொன்னார். மரம் நடப்படும் இடத்தைப் பற்றி நீலகிரியிலிருந்து நான் சில சொல்ல வேண்டும்.

எங்கள் மலையின் உச்சிப் பகுதிகள் இயல்பில் புல்வெளி. மலை மடிப்புகளில் நீரோடும் இடங்களில் மட்டும் சோலை இருக்கும். குளிர்கால உறைபனியில் சோலை மரங்களின் கன்றுகள் திறந்த வெளியில் பிழைப்பதில்லை; அதனால் புல்லும் சோலையும் தத்தம் எல்லையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நின்றிருக்கின்றன. ஆங்கிலேயர் இந்தப் புல்வெளியைத் தரிசு என்று கருதினார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகு நம் வனத்துறையும், தோல் பதனிடப் பட்டைக்காகச் சீகையையும் ரேயான் மரக்கூழுக்காகக் கற்பூர மரத்தையும் பெரும் பரப்பில் வளர்த்தது. அன்றைய கணக்கில் அது காடு வளர்ப்பு. வனநிலை அறிக்கையின் வரையறைப்படி இன்றைக்கும் அது காட்டுப் பரப்புதான்.

சீகைத் தோட்டத்துக்குள் நடந்து பார்த்தால் காலடியில் புல் இருக்காது. காய்ந்த இலையும் ஒல்லிக் கன்றுகளும் மட்டும் நெருக்கியடித்துக் கிடக்கும். மரத்தை வெட்டிவிட்டாலும் வேலை முடிவதில்லை; மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும் விதைகள் வெயில் பட்டதும் கீரைப்பாத்தி போல முளைத்து எழும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் குனிந்து கையால் பிடுங்கியாக வேண்டும். இப்போது அரசே அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையில் இறங்கியிருக்கிறது. 2022இல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வந்துவிட்டது. ஒரு காலத்தில் பொதுப்பணத்தில் நட்டதைப் பொதுப்பணத்திலேயே பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். இதற்கிடையில் வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லையே தேடி அலைய வேண்டியிருக்கிறது.

கார்பன் கணக்கிலும் புல்வெளிக்கு ஓர் இடம் உண்டு. புல் தன் கார்பனைப் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் வைக்கிறது. தீ வந்தாலும் அது தங்கும். தோட்ட மரம் எரிந்தால் அல்லது அறுத்து ஆலைக்குப் போனால் அந்தக் கார்பன் மீண்டும் காற்றில்தான். 'தரிசு நிலத்தில் ஹெக்டேருக்கு 1,100 மரம்' என்று 2024இல், மரம் நடுவோருக்கு மதிப்புப் புள்ளி தரும் மத்திய அரசின் பசுமைக் கடன் திட்டத்தின் வழிமுறையில் எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே அச்சமாக இருந்தது. அரசுப் பதிவேட்டில் தரிசு என்று இருக்கும் நிலத்தில் எத்தனை புல்வெளியும் முட்புதர்க் காடும் இருக்கின்றன என்பது இந்த மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற சரகர்

வனச்சரகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்வது என் கடமை. காடு வளர்ப்பே வீண் வேலை என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடக் கூடாது.

1951 முதல் 1980 வரை இந்த நாட்டில் ஏறத்தாழ 43 லட்சம் ஹெக்டேர் காட்டு நிலம் வேறு பயன்பாட்டுக்குப் போனதாகக் கணக்கிடப்படுகிறது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்து, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் எந்த மாநிலமும் காட்டு நிலத்தைக் கொடுக்க முடியாது என்று ஆனபின்தான் அந்த வேகம் வெகுவாகக் குறைந்தது. ஈடுசெய் காடு வளர்ப்பு என்பது அந்தச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு தடை. நிலம் கேட்பவர் மாற்று நிலம் தர வேண்டும், நடவுச் செலவைக் கட்ட வேண்டும், காடு தரும் பயன்களுக்கு ஈடான அதன் நிகர மதிப்பையும் கட்ட வேண்டும். 2022இல் திருத்தப்பட்ட விகிதப்படி அந்த மதிப்பு, காட்டின் தரத்தைப் பொறுத்து ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் முதல் பதினாறு லட்சம் ரூபாய். இது இல்லாதிருந்தால் காட்டு நிலம்தான் எல்லாருக்கும் மிக மலிவான நிலமாக இருந்திருக்கும்.

களத்தில் கன்றைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். குழி எடுத்து, பருவமழை பார்த்து ஊன்றி, ஆடு மாடு புகாமல் வேலி போட்டு, முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்றி, தீத்தடுப்புக் கோடு வெட்டி வைத்தால்தான் நட்டதில் பாதியாவது நிற்கும். பணம் நடவுக்கு வரும். மூன்றாம் ஆண்டுப் பராமரிப்புக்கு வருவது அரிது.

மறுமொழி: வானளப்பான்

சரகர் ஐயா சொன்னதில் சட்டத்தைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். தடையாக வந்த ஏற்பாடு நாளடைவில் அனுமதிச் சீட்டாக மாறியதுதான் என் வருத்தம். 2013இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். 2006 முதல் 2012 வரை, எடுக்கப்பட்ட காட்டுக்கு ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய காடல்லாத நிலம் 1,03,381 ஹெக்டேர். உண்மையில் பெறப்பட்டது 28,086 ஹெக்டேர், அதாவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். நடவு நடந்தது அதிலும் சிறு பகுதியில்தான். பிறகு 2016இல் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. முடங்கிக் கிடந்த நிதியிலிருந்து 47,436 கோடி ரூபாய் 2019இல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பணத் தட்டுப்பாடு இனிமேல் முதன்மைக் காரணமாக இருக்க முடியாது. நிலம் கிடைக்காததும், கிடைத்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் மேய்த்தும் பயிரிட்டும் வாழ்வதும்தான் பெரிய சிக்கல். பழங்குடியினருக்கு வன உரிமைச் சட்டப்படி சேர வேண்டிய நிலத்தில் கம்பிவேலி போட்டுத் தேக்கு நடுவதைக் காடு வளர்ப்பு என்று என்னால் சொல்ல இயலாது.

சுரங்கத்தைப் பற்றி மாணவி கேட்டதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில் நிலக்கரிக்காக மரம் வெட்டும்போது இழப்பு இரண்டு முறை நிகழ்கிறது: காட்டில் இருந்த கார்பன் ஒரு முறை, தோண்டி எடுத்த கரி மின் நிலையத்தில் எரியும்போது இன்னொரு முறை. ஈடுசெய் காடு வளர்ப்பு முதலாவதை மட்டுமே ஈடு செய்ய முயல்கிறது. 2020ஆம் ஆண்டுக்கு இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த கணக்கின்படி நாட்டின் மொத்த உமிழ்வு 295.9 கோடி டன்; அதில் நான்கில் மூன்று பங்கு எரிசக்தித் துறையிலிருந்து. காடும் பிற நிலமும் சேர்ந்து ஈர்த்தது நிகரமாக ஏறத்தாழ 52 கோடி டன். 'நிகரம்' என்ற சொல்லுக்குள்தான் உங்கள் மாணவியின் கேள்வி மறைந்திருக்கிறது. எவ்வளவு காடு போனது, எவ்வளவு தோட்டம் வந்தது என்பதைத் தனித்தனியே காட்டாமல் கழித்து மிஞ்சியதை மட்டும் காட்டுகிறது அது.

மறுமொழி: கரிசல்மண்

அனைவருக்கும் நன்றி. அப்படியானால் அரசிடம் எதைக் கேட்பது என்று மாணவர்கள் அடுத்துக் கேட்பார்கள். மரம் நடாதே என்று சொல்ல முடியாது. நடுவது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சரியாகச் செய்யப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு நம் பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

மறுமொழி: அலையாத்தி

பிச்சாவரத்தின் கண்டல் காட்டை, அதாவது அலையாத்திக் காட்டைச் சொல்லலாம். அங்கே முற்காலத்தில் கூப்பு முறையில் பகுதி பகுதியாக மரம் மொத்தமாக வெட்டப்பட்டது. வெயில் நேரடியாகப் பட்டதால் சேற்றுநிலம் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. ஏற்றத்தில் உள்ளே வந்த உப்புநீர் வற்றத்தில் வெளியேறாமல் தேங்கி, உப்பு ஏறி, எந்த விதையும் முளைக்காமல் நிலம் வெறுமையாகிவிட்டது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் முதலில் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தன. பிறகு மீன்முள் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இரு பக்கமும் சிறு வாய்க்கால்களும் வெட்டி, அலை நீர் வந்துபோக வழி செய்தன. அதன்பிறகுதான் கண்டல் கன்றுகள் ஊன்றப்பட்டன. சுற்றுக் கிராமங்களில் குழு அமைத்து மக்களையே பொறுப்பில் சேர்த்தார்கள். வாய்க்காலில் சேறு சேர்ந்தால் தூர்வாரும் வேலையும் திட்டத்துக்குள் இருந்தது. அங்கே என்ன காடு இருந்ததோ அதே காடு, அதே இடத்தில், அதே மக்களோடு திரும்ப வந்தது. கண்டல் காட்டின் சேற்றில் அடையும் கார்பன் அளவும் மிக அதிகம்.

மறுமொழி: கோத்தகிரியார்

கொள்கையில் என்ன கேட்பது என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். முதலாவது, இயற்கைக் காட்டையும் தோட்டத்தையும் வனநிலை அறிக்கையில் தனித்தனி நிரலாகப் போட வேண்டும்; இன்றைய தொழில்நுட்பத்தில் இது முடியாத காரியம் அல்ல. அடுத்து, ஈடாக நடப்பட்ட ஒவ்வோர் இடத்தின் எல்லையும், ஐந்து ஆண்டு கழித்து அங்கே உயிரோடு நிற்கும் மரங்களின் நிலையும் யாரும் பார்க்கும்படி பொதுவெளியில் இருக்க வேண்டும். ஆனால் இவை இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, இந்தக் காட்டை எடுக்காமல் இந்தத் திட்டத்தை நடத்த வழி இருக்கிறதா என்பதைத்தான். அனுமதி வழங்கும் கட்டத்தில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

காடு எது என்ற கேள்வி எங்கள் மாவட்டத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கூடலூர்ப் பகுதியில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாட் 1995இல் தொடுத்த வழக்கில்தான், பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும் நிலம் யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப் பொருளில் காடாக இருப்பது சட்டத்துக்கும் காடுதான் என்று 1996 டிசம்பர் 12 அன்று உத்தரவு வந்தது. 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, அறிவிக்கப்பட்ட அல்லது அரசுப் பதிவேட்டில் ஏறிய காட்டுக்கு மட்டுமே பாதுகாப்பு என்று சுருக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் தங்கள் காடுகளைக் கணக்கெடுத்து முடிக்கும்வரை பழைய பொருளே தொடர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. கார்பனை எண்ணும்போது பத்து சதவீத நிழல் இருந்தாலே காடு. 2023 திருத்தத்தின்படி, பாதுகாப்புக் கொடுக்கும்போது பதிவேட்டில் இருந்தால்தான் காடு. இந்த இரட்டை அளவுகோலை மாணவர்கள் கண்டுகொண்டால் அதுவே போதும்.

மறுமொழி: வானளப்பான்

வகுப்புக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வனநிலை அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மாநில அத்தியாயத்தில் மாவட்ட வாரியான அட்டவணை இருக்கும். நிழல் 70 சதவீதத்துக்கு மேல் உள்ள மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை உள்ள நடுத்தர அடர்காடு, 10 முதல் 40 வரை உள்ள திறந்தவெளிக் காடு என்று மூன்று நிரல்கள். உங்கள் மாவட்டத்துக்கு இரண்டு அறிக்கைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மொத்தத்தைப் பார்க்காமல் எந்த நிரல் கூடியது, எது குறைந்தது என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள். அதன் அருகிலேயே, அடர்காடாக இருந்து காடே இல்லாமல் போன பரப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் மாற்ற அட்டவணையும் மாநில அளவில் இருக்கும். அதை விட்டுவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட மாணவியையே கரும்பலகையில் எழுதச் சொல்லலாம்.